துடிக்கும் புள்ளியைத் தேடியவர்: வில்லியம் ஹாவி

சில மாதங்களுக்கு முன் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். கறுப்பும் சாம்பலுமான ஸ்கான் படம். நடுவே பயற்றங்கொட்டை போல ஒன்று. அதற்குள் ஒரு சின்னப் புள்ளி மினுக்கு மினுக்கென்று தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தது. ஏழாவது வாரம், அதுதான் பிள்ளையின் இதயம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கை இல்லை, கால் இல்லை, முகம் இல்லை, அதற்குள் இதயம் மட்டும் எப்படி முதலில் வந்தது என்று கேட்டார். ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை.

இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய நாற்பது வருடம் வாழ்ந்த ஒரு மனிதர் இருந்தார். இரத்தம் உடம்பைச் சுற்றி ஓடுகிறது என்று காட்டியவர் என்பதாக வில்லியம் ஹாவியின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். பாடப்புத்தகம் அதோடு முடிந்துவிடும். அவருடைய வாழ்வின் பிற்பாதி, கருவுக்குள் இதயம் எப்படி வருகிறது என்ற தேடலில் கழிந்தது. அந்தத் தேடலை ஒரு போர் குலைத்தது. அதை அதிகம் பேர் பேசுவதில்லை.

ஹாவி 1578 ஏப்ரல் 1 ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள போக்ஸ்ரன் ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவரே மூத்த ஆண்பிள்ளை. தம்பிமாரில் ஐந்து பேர் இலண்டனில் வியாபாரிகள் ஆனார்கள். துருக்கிப் பக்கத்து வணிகத்தில் நல்ல பணம் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் படிப்பின் பக்கம் போனார். கன்ரபரியில் பள்ளிப்படிப்பு, 1593 இல் கேம்பிறிட்ஜ், பிறகு இத்தாலியின் பதுவா. புனித அந்தோனியாரை வைத்து எம்மவர்கள் பதுவை என்று சொல்லும் அதே நகரம்தான். அக்காலத்தில் மருத்துவம் படிக்க ஐரோப்பாவில் அதைவிட நல்ல இடம் கிடையாது. கலிலியோ அங்கே கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது.

பதுவாவில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பப்றீசியஸ். நாளங்களுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் போல வால்வுகள் இருப்பதை மாணவர்களுக்குக் காட்டியவர். அவை ஏன் ஒரே பக்கமாகத் திறக்கின்றன என்பதற்கு ஆசிரியரிடம் சரியான விளக்கம் இருக்கவில்லை. அந்த விளக்கம் பின்னாளில் மாணவரிடமிருந்து வந்தது. பப்றீசியஸுக்கு இன்னொரு ஆர்வமும் இருந்தது. அடைவைத்த கோழிமுட்டைகளை ஒவ்வொரு நாளும் ஒன்றாக உடைத்து, குஞ்சு எப்படி உருவாகிறது என்று படம் வரைந்து வைப்பார். ஹாவிக்கு முட்டைப் பைத்தியம் பிடித்தது அங்கேதான் என்பது என் எண்ணம்.

1602 இல் பட்டத்தோடு இலண்டன் திரும்பினார். 1604 இல் அரசவை வைத்தியர் ஒருவரின் மகளான எலிசபெத் பிறவுணை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை எப்படி உருவாகிறது என்பதைத் தன் காலத்தில் மற்றெவரையும்விட ஆழமாகத் தேடியவர் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. எலிசபெத் ஒரு கிளி வளர்த்தார். நன்றாகக் கதைக்கும், மடியில் வந்து படுக்கும். அது கதைத்த கதையை வைத்து ஆண்கிளி என்றே ஹாவி நினைத்திருந்தார். ஒருநாள் அது செத்துப்போனது. வழக்கம்போல வெட்டிப் பார்த்தார். உள்ளே ஏறக்குறைய முழுமையடைந்த முட்டை ஒன்று இருந்தது. தான் நினைத்தது பிழை என்பதைத் தன் நூலிலேயே எழுதி வைத்தார். பெரிய மனிதர்கள் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை.

1609 இல் இலண்டன் புனித பார்த்தலமேயு வைத்தியசாலையில் வைத்தியரானார். 1616 இலிருந்து வைத்தியர் கல்லூரியில் உடற்கூறு விரிவுரைகள் நடத்தினார். ஆள் கட்டை. கறுத்த தலைமயிர், சிறிய வட்டமான கறுத்த கண்கள். முன்கோபி, இடுப்பில் ஒரு குத்துவாள் இருக்கும் என்று அவரைப் பழகி அறிந்த ஜோன் ஓப்ரி எழுதிவைத்திருக்கிறார். இரவில் நித்திரை வராவிட்டால் எழும்பி அறைக்குள்ளேயே நடந்து திரிவாராம். இருட்டில் இருந்தால்தான் தனக்கு நன்றாக யோசனை ஓடும் என்பாராம்.

அக்கால மருத்துவம் கிரேக்க வைத்தியர் கேலன் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தது. உணவு ஈரலில் இரத்தமாகிறது, அது நாளங்கள் வழியே உடம்புக்குப் போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது, இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றினூடாகக் கொஞ்சம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கசிகிறது. இதுதான் ஆயிரத்து நானூறு வருடப் பாடம். ஹாவி ஒரு சின்னக் கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று வைப்போம். அரை மணித்தியாலத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கிறது. அப்படியானால் 500 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 14 கிலோ. உடம்பில் உள்ள முழு இரத்தமும் அவ்வளவு வராது. அரை மணிக்கு அவ்வளவு இரத்தத்தைச் செய்து தர எந்தச் சாப்பாட்டாலும் முடியாது. எனவே போன இரத்தமே திரும்பி வருகிறது. நாளங்களின் வால்வுகள் எல்லாம் இதயத்தை நோக்கித் திறப்பது அதற்காகத்தான். இதை 1628 இல் 72 பக்கங்கள் கொண்ட ஒரு இலத்தீன் நூலாகப் பிராங்பேர்ட்டில் அச்சிட்டார். அச்சுப் பிழைகள் நிறைந்த நூல். வெளிவந்த பிறகு அவருக்கு மூளை பிசகிவிட்டது என்ற பேச்சு கிளம்பி, வைத்தியம் செய்விக்க வந்தவர்களின் தொகை குறைந்தது என்கிறார் ஓப்ரி.

அந்த நூலிலேயே கருவின் இதயம் வந்துவிடுகிறது. வலது சோணையறை, வலது இதயவறை, சுவாசப்பை, பிறகு இடப்பக்கம் என்று பாடமாக்கிய வரிசை நினைவிருக்கும். தாயின் வயிற்றில் உள்ள பிள்ளை மூச்சு விடுவதில்லை. அப்படியானால் அதன் இரத்தம் சுவாசப்பைக்கு ஏன் போகவேண்டும்? போவதில்லை, அல்லது மிகக் கொஞ்சம்தான் போகிறது. இரண்டு சோணையறைகளுக்கும் நடுவே ஒரு துவாரம் இருக்கிறது. சுவாசப்பை நாடியிலிருந்து பெருநாடிக்கு ஒரு குறுக்குக் குழாயும் இருக்கிறது. இவை இருப்பது முன்னரே தெரியும். இவை எதற்காக என்று தெளிவாகச் சொன்னது ஹாவி. சுவாசப்பையைத் தவிர்த்து இரத்தம் போவதற்கான இரண்டு குறுக்கு வழிகள். பிள்ளை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் சுவாசப்பை விரிகிறது, இரத்தம் அங்கே பாய்கிறது, இடப்பக்க அழுத்தம் கூடி அந்தத் துவாரத்தின் மடல் கதவு போலச் சாத்திக்கொள்கிறது. குறுக்குக் குழாயும் முதல் சில நாட்களுக்குள் சுருங்கி அடைபடுகிறது. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுதாக ஒட்டாமலே இருக்கும். பெரும்பாலானோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிப்பார்கள்.

ஆனால் அவரை விடாமல் இழுத்தது இதற்கும் முந்திய கட்டம். இதயம் எப்படித் தொடங்குகிறது?

கோழிமுட்டையில் மூன்றாம் நாள் இரத்தப் புள்ளி ஒன்று துள்ளுவதை அரிஸ்ரோட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னரே எழுதியிருந்தார். உடம்பில் முதலில் வருவது இதயம் என்பது அவருடைய முடிவு. ஹாவி முட்டைகளை அடைவைத்து நாளுக்கொன்றாக உடைத்தார். நாலாம் ஐந்தாம் நாள் முட்டையின் ஓட்டை நீக்கி இளஞ்சூடான தெளிந்த நீரில் விட்டால், சின்ன முகில் போல ஒன்று தெரியும். அதன் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு சிவந்த புள்ளி. சுருங்கும்போது காணாமல் போகும், விரியும்போது மறுபடி சிவக்கும். இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் நடுவே உயிர் அங்கே ஊசலாடுவது போல அவருக்குப் பட்டது. ஒன்றிரண்டு நாளில் அந்தப் புள்ளி இரண்டு குமிழ்களாகி மாறி மாறித் துடிக்கும். பிறகு அதைச் சுற்றி மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேரும்.

இந்த ஒவ்வொன்றாக என்பதில்தான் ஹாவியின் பெரிய பங்களிப்பு இருக்கிறது. குஞ்சு முட்டைக்குள் மிகச் சிறிய வடிவில் முன்னமே முழுமையாக இருந்து பிறகு ஊதிப் பெருக்கிறது என்ற எண்ணம் அவருக்குப் பின் வந்த நூறு வருடங்களிலும் பல அறிஞர்களிடம் இருந்தது. அப்படியல்ல, உருவமில்லாத ஒன்றிலிருந்து ஒரு பாகத்துக்குப் பின் இன்னொன்றாக உடம்பு கட்டப்படுகிறது என்றார் ஹாவி. இன்றைய முளையவியல் நிற்பது அவர் பக்கத்தில்.

கோழியோடு நின்றுவிடாமல் பாலூட்டிகளையும் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. முதலாம் சாள்ஸ் மன்னரின் வைத்தியராக இருந்தது இதற்கு வசதியாகப் போனது. மன்னருக்கு வேட்டையில் பிரியம். அரச காடுகளில் வேட்டையாடப்பட்ட பெண்மான்களை வெட்டிப் பார்க்க ஹாவிக்கு அனுமதி கிடைத்தது. மன்னரும் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார். மானின் கருவில் துடிக்கும் புள்ளியை ஹாவி அவருக்குக் காட்டியிருக்கிறார்.

மான்கள் அவரைக் குழப்பின. செப்ரெம்பரில் இணைசேரும் மான்களின் கருவறையைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒக்ரோபரிலும் இல்லை. நவம்பர் நடுப்பகுதியில் திடீரென்று உருவம் தெரிகிறது. காட்டுக் காவலர்கள் நம்பவில்லை. அந்த மான்கள் இணைசேர்ந்திருக்காது என்றார்கள். மன்னர் ஒரு டசின் அளவு பெண்மான்களைப் பிரித்து ஹம்ரன் கோட் அருகே அடைத்துவைக்கச் சொன்னார். சிலவற்றை ஹாவி வெட்டிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மிஞ்சியவை உரிய காலத்தில் குட்டி போட்டன. ஆக, இணைசேர்ந்தது உண்மை, கருவறையில் ஒன்றும் தெரியாததும் உண்மை. மானின் இளம் கரு முதல் வாரங்களில் மெல்லிய நூல்போலக் கிடக்கும். ஹாவியிடம் இருந்தது சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டுமே. கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று முடிவு செய்து, காந்தம் இரும்பைத் தொடாமலே ஈர்ப்பதுபோலக் கருத்தரிப்பும் தொடாமலே நடக்கிறது என்ற இடத்துக்குப் போய்விட்டார். பாலூட்டியின் முட்டையை முதலில் கண்டவர் 1827 இல் கார்ல் ஏர்ன்ஸ்ற் பொன் பேயர். ஹாவியின் விளக்கம் பிழை. ஆனால் ஒன்றும் காணவில்லை என்று அவர் நேர்மையாக எழுதிய குறிப்பு பிழையல்ல.

இந்த நாட்களில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகன், மொன்ற்கொமறி என்ற இளைஞன், சிறுவயதில் விழுந்து இடப்பக்க விலா எலும்புகள் நொறுங்கி, புண் ஆறிய பின்னும் நெஞ்சில் பெரிய பள்ளத்தோடு உயிர் தப்பியிருந்தான். உள்ளே துடிப்பது வெளியே தெரியும். மன்னர் ஹாவியை அனுப்பினார். ஹாவி கையை விட்டுப் பார்த்து, தான் தொடுவது உயிருள்ள மனிதனின் இதயம் என்பதை உணர்ந்தார். இளைஞனை மன்னரிடம் கூட்டிச் சென்றார். மன்னரும் தொட்டுப் பார்த்தார். தொடுவது அந்த இளைஞனுக்குத் தெரியவே இல்லை. இதயத்துக்குத் தொடுகை உணர்வு இல்லை என்று ஹாவி குறித்துக்கொண்டார்.

1642 இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. ஹாவி மன்னரோடு போனார். ஒக்ரோபர் 23 இல் எட்ஜ்ஹில் போர்க்களத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை இளவரசர் இருவரையும் பார்த்துக்கொள்வது. ஒருவருக்கு 12 வயது, மற்றவருக்கு 9. ஒரு வேலியடியில் பிள்ளைகளோடு ஒதுங்கியிருந்து சட்டைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வாசித்தாராம். பக்கத்தில் பீரங்கிக் குண்டு வந்து விழுந்ததும் இடத்தை மாற்றினாராம். இதுவும் ஓப்ரி சொன்ன கதை.

அதே காலத்தில் இலண்டனில் வைற்ஹோலில் இருந்த அவருடைய அறைகளுக்குள் நாடாளுமன்றப் படையினர் புகுந்து சூறையாடினார்கள். தளபாடங்கள் போயின. பல வருடக் குறிப்புகளும் போயின. பூச்சிகளின் பிறப்பைப் பற்றி அவர் எழுதிவைத்தவை அதில் முழுதாக அழிந்தன. தளபாடங்களைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. தாள்களை நினைத்துத்தான் கடைசிவரை வருந்தினார். வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்கும்போது இல்லாதிருப்பது எது, அதில் எது வலிக்கும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வைத்தியசாலைப் பதவியும் அவரை விட்டுப் போனது.

மன்னரின் ஆட்கள் ஒக்ஸ்போர்ட்டில் தங்கியிருந்த வருடங்களில் அவருக்கு வயது அறுபத்தைந்தை அண்டியிருந்தது. நகரைச் சுற்றிப் போர். அவர் என்ன செய்தார் தெரியுமா? ரினிற்றிக் கல்லூரியில் ஜோர்ஜ் பாதர்ஸ்ற் என்ற நண்பரின் அறையில் ஒரு அடைக்கோழி இருந்தது. அங்கே போய் இருவருமாக நாளாந்தம் முட்டைகளை உடைத்துப் பார்த்தார்கள். தொலைந்த குறிப்புகளை அழுது திரும்பப் பெற முடியாது. கோழி திரும்பவும் முட்டையிடும். இந்தக் காட்சிக்காகவே எனக்கு ஹாவியைப் பிடிக்கும்.

1646 இல் ஒக்ஸ்போர்ட் சரணடைந்தது. 1649 ஜனவரி 30 இல் சாள்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஹாவி பதவியும் சொந்த வீடும் இல்லாமல் தம்பிமாரின் வீடுகளில் மாறி மாறி இருந்தார். தம்பி எலியாப்போடு இருந்து கோப்பி குடிப்பார். இலண்டனில் கோப்பிக் கடைகள் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் கோப்பி இருந்தது. துருக்கி வணிகத்தின் தயவு. மிஞ்சிய கையெழுத்துக் கட்டை வெளியிட அவருக்கு மனமில்லை. முதல் நூல் கிளப்பிய சண்டைகளே போதும் என்றிருந்தார். இளம் வைத்தியர் ஜோர்ஜ் என்ற் வந்து கெஞ்சி வாங்கிக்கொண்டு போய், 1651 இல் விலங்குகளின் பிறப்பு பற்றிய அந்தப் பெரிய நூலை அச்சேற்றினார். முகப்பில் சீயஸ் தெய்வம் ஒரு முட்டையைத் திறக்கிறது. உள்ளேயிருந்து பறவை, மான், பாம்பு, மனிதக் குழந்தை எல்லாம் வெளியே வருகின்றன.

அந்த நூலில் ஹாவி அரிஸ்ரோட்டிலிடமிருந்து விலகினார். முதலில் வருவது இதயமல்ல, இரத்தம் என்றார். அம்மம்மாவின் கேள்விக்கு இங்கே வருகிறோம். இருவரில் யார் சரி?

இருவரும் அரைவாசி சரி. மனித முளையத்தில் மூன்றாவது வாரத்தில் இரண்டு மெல்லிய குழாய்கள் உருவாகி நடுவே ஒன்றாக இணைகின்றன. ஏறக்குறைய 22 ஆம் நாள் அந்தக் குழாய் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அதற்கு அறைகள் இல்லை, வால்வுகள் இல்லை. முதல் இரத்தக் கலங்கள் உருவாவது வேறிடத்தில், முளையத்துக்கு வெளியே உள்ள கருவுணவுப் பையின் சுவரில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தனித்தனியே தொடங்கி, நாலாவது வாரத்தில் ஒன்றோடொன்று தொடுக்கப்படுகின்றன. கோழிக்கும் இதே கதைதான், அங்கே எல்லாம் மணித்தியாலக் கணக்கில் நடக்கும். கோழியின் இதயம் இரண்டாம் நாளே துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் சிவந்த இரத்தம் வந்து சேரும்வரை அது நிறமற்ற, ஒளி ஊடுருவும் குழாய். ஹாவியின் கண்ணாடிக்கு அது அகப்படவில்லை. சிவந்த பிறகுதான் கண்டார். அதனால் இரத்தத்தை முதல் என்றார். அவர் இறந்து பதினைந்து வருடம் கழித்து, நுணுக்குக்காட்டியோடு வந்த இத்தாலியர் மல்பீகி அவரைவிட முந்திய மணித்தியாலங்களைப் படமாக வரைந்தார்.

ஏன் இதயம் இவ்வளவு அவசரமாக வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. முளையம் மிகச் சிறிதாக இருக்கும்வரை உணவும் ஒட்சிசனும் சுற்றியுள்ள திரவத்திலிருந்து ஊறி உள்ளே போகும். கொஞ்சம் தடித்ததும் நடுவில் உள்ள கலங்களுக்கு அது போதாது. கையோ முகமோ கட்டப்படவேண்டுமென்றால் கட்டுமானப் பொருள் வந்து சேரவேண்டும். ஆகவே முதலில் வழங்கல் தொடங்குகிறது. குழாய் வலப்பக்கமாக வளைந்து மடிகிறது. உள்ளே சுவர்கள் வளர்கின்றன. எட்டாவது வாரம் முடிவதற்குள் நாலு அறைகள். இவ்வளவும் வேலையை ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல். தண்ணீர் இறைத்துக்கொண்டே கிணற்றைக் கட்டுவதுபோல. இந்தச் சுவர் கட்டும் வேலையில் எங்காவது ஒரு இடைவெளி மிஞ்சினால் அதுதான் பிறப்பிலேயே இதயத்தில் ஓட்டை என்று வைத்தியர்கள் சொல்வது. பெற்றோர் எதையோ சாப்பிட்டதால் அல்லது எதையோ செய்ததால் வந்தது என்று சொந்தக்காரர் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். சில நோய்களும் சில மருந்துகளும் காரணமாவதுண்டு. பெரும்பாலான பிள்ளைகளில் இன்னது என்று காட்ட ஒரு காரணமும் அகப்படாது.

ஹாவியின் கடைசி வருடங்கள் கீல்வாத வலியோடு போயின. வலி கூடினால் குளிர்காலத்தில்கூடக் கால்களைக் குளிர்நீரில் விட்டுக்கொண்டு இருப்பாராம். 1654 இல் வைத்தியர் கல்லூரி தலைமைப் பதவியைக் கொடுக்க வந்தது. வயதைக் காட்டி மறுத்துவிட்டார். தன் பணத்தில் கல்லூரிக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்திருந்தார். அது 1666 இல் இலண்டன் பெருந்தீயில் எரிந்துபோனது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1657 ஜூன் 3 இல், 79 வயதில், பக்கவாதம் வந்து இறந்தார். கோப்பிப் பாத்திரத்தை எலியாப்புக்கென்று மரணசாசனத்தில் எழுதியிருந்தார்.

எசெக்ஸில் சப்ரன் வோல்டனுக்குக் கிழக்கே ஹெம்ஸ்ரெட் என்ற சின்னக் கிராமத்துத் தேவாலயத்தில், தம்பியின் குடும்ப நிலவறையில், ஈயத்தால் செய்த பெட்டியில் அவரை வைத்தார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டி அங்கேயே கிடந்து நைந்தது. 1883 ஒக்ரோபரில் வைத்தியர் கல்லூரிக்காரர்கள் இலண்டனிலிருந்து வந்து அதைத் தாங்களே தூக்கி, மேலே ஒரு வெள்ளைச் சலவைக்கல் பேழைக்குள் வைத்தார்கள். அது இன்றும் அங்கே இருக்கிறது.